பொருள்: மறு: மறு: போர்னியோவின் மூக்குக் குரங்குக்குத் தமிழ்ப் பெயர் (அவசரம்)

வகுப்பறை எழுதியது:
அன்பர்களே, போர்னியோ விலங்குகள் பற்றிய மாணவர் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆண் குரங்கின் மூக்கு வாயைத் தாண்டித் தொங்கும், இலை, காய், விதை தின்னும், இந்தோனேசியாவில் பெக்கந்தான். பழைய பதிப்பில் ‘தும்பிக்கைக் குரங்கு’. அந்த மூக்கால் தண்ணீர் உறிஞ்சுமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இலை தின்னும் குரங்குகளுக்கு ஒரு பொதுப்பெயரும் வேண்டும். ‘இலையுண்ணி’ சரியா?

மின்மினி எழுதியது:
உண்ணி என்றதும் நாயின் காதில் ஒட்டியிருப்பதுதான் நினைவுக்கு வருகிறது.

சுவடி எழுதியது:
ஊனுண்ணி என்று படித்தபோது நாய் நினைவுக்கு வந்ததா? போகட்டும். பொதுப்பெயரைத் தேடவே வேண்டாம் அம்மா, முசு இருக்கிறது. தொல்காப்பிய மரபியல் ‘குரங்கும் முசுவும் ஊகமும்’ என்று தனித்தனியே எண்ணுகிறது. கன்னடத்தில் முசுவ, தெலுங்கில் கொண்டமுச்சு. இலை தின்னும் நீள்வால் இனம்தான். ஆகவே ‘மூக்கு முசு’. சிடுசிடுப்பவரை முசுடு என்பதும் இதன் முகத்தை வைத்தே என்பது என் துணிபு. முசுமுசுக்கைக் கொடி பற்றித் தனி மடல் இடுகிறேன்.

மின்மினி எழுதியது:
முசுமுசுக்கை வேண்டாம் ஐயா, ஏற்கெனவே வந்துவிட்டது. முசு என்றால் எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? ஒராங் ஊத்தானை அப்படியே எடுத்துக்கொண்டோமே, பெக்கந்தானுக்கு மட்டும் என்ன தீட்டு?

கானவன் எழுதியது:
மலாயில் ‘மோஞெட் பெலாண்டா’ என்றும் உண்டு, டச்சுக்காரர் குரங்கு. மூக்கையும் தொந்தியையும் பார்த்து வைத்த கேலி. ஆனால் அது கொழுப்புத் தொந்தி இல்லை. இரைப்பை பல அறைகளாகப் பெருத்திருக்கிறது. அதில் வாழும் நுண்ணுயிரிகள் இலையை நொதிக்க வைக்கின்றன. பழுத்த இனிப்புப் பழம் ஆகாது, நொதிப்பு மிஞ்சி வயிறு ஊதிவிடும். மலேசியாவின் சபா மாநிலத்தில் கினபாத்தாங்கான் ஆற்றுப் பகுதிக் குரங்குகள் சில, தின்றதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து மெல்வதை 2011-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. மாடு மாதிரி. பெயரில் மூக்கைப் பிடித்துத் தொங்குவதைவிட அதைச் சொல்லலாமே? மந்திக்கு மூக்கு சிறியது, கொஞ்சம் மேல்நோக்கியது. நீள்மூக்கு கடுவனுக்கு மட்டும்தான்.

சுவடி எழுதியது:
ஆண் மயிலுக்குத்தான் தோகை. மயிலையே தோகை என்று புலவர்கள் பாடவில்லையா? ‘அசைமுசு’ நன்று, ஆனால் அசைபோடுவது ஆவுக்கும் எருமைக்கும் உரிய தொழில், மரத்துமேல் ஏற்றுவது மரபு வழு. கேலிப்பெயர்தான் வேண்டுமென்றால் ‘ஒல்லாந்த முசு’ எனலாம், நம் முன்னோர் டச்சுக்காரரை ஒல்லாந்தர் என்றே அழைத்தனர்.

மின்மினி எழுதியது:
ஒல்லாந்தர் என்ன பாவம் செய்தார்கள்? சரி, அப்படியே செய்திருந்தாலும் பிள்ளைகள் கையேட்டிலா கணக்குத் தீர்ப்பது?

கானவன் எழுதியது:
பெயர் எதுவானாலும் படக்குறிப்பில் ‘காட்டில்’ என்று மட்டும் போடாதீர்கள். ஆற்றோரக் காடு, அலையாத்திக் காடு என்று இருக்கட்டும். இரவில் பெரும்பாலும் நீரோரத்து மரங்களில்தான் தூங்கும், நன்றாக நீந்தவும் செய்யும். அந்தக் கரைகளைத்தான் செம்பனை (பாமாயில்) தோட்டம் விழுங்குகிறது. வேட்டை வேறு. அழியும் ஆபத்திலுள்ள இனம் இது; போர்னியோவை விட்டால் வேறெங்கும் இல்லை.

வகுப்பறை எழுதியது:
நன்றி. தனி மடலில் வந்தவற்றையும் சேர்த்தால் ‘நீள்மூக்குக் குரங்கு’ பக்கம்தான் கை அதிகம். அதையே போடுகிறேன். பொதுப்பெயராக ‘இலைதின்னிக் குரங்கு’, அருகில் முசு என்று ஒருமுறை. பெக்கந்தான் படத்தின் கீழே.

சுவடி எழுதியது:
தின்னி என்பது வசைச்சொல். என் மறுப்பு பதிவாகட்டும்.

வகுப்பறை எழுதியது:
பதிந்தேன் ஐயா. அடுத்த பக்கத்தில் இன்னொரு போர்னியோக் குரங்கு நிற்கிறது: சாம்பல் உடல், கழுத்தில் வெண்மயிர். அற்றுப்போயிருக்கலாம் என்று அஞ்சியபோது, 2011-இல் இந்தோனேசியப் பகுதியான கிழக்குக் கலிமந்தானின் வெஹேயா காட்டில் தானியங்கிக் கேமராவில் சிக்கியது. இதற்கு?

சுவடி எழுதியது:
நரைமுசு. இதில் விவாதமே வேண்டாம்.

மின்மினி எழுதியது:
வேண்டும்.