'பாசிட்டிவ் மார்ஜின்': தமிழில் என்ன?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

புராஸ்டேட் சுரப்பிப் புற்றுக்கு அறுவை முடிந்தவர்களுக்கான கையேட்டை நாளை மறுநாள் கொடுத்தாக வேண்டும். எடுத்த சுரப்பியின் மேல் மை பூசி, சீவலாக்கி, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். புற்றணு மையைத் தொட்டிருந்தால் 'பாசிட்டிவ் மார்ஜின்'. வெட்டிய இடத்தில் மிச்சம் இருக்கலாம். 'நேர்மறை விளிம்பு' என்று எழுதினேன். படித்துப் பார்த்தவர், "நல்ல செய்திதானே?" என்கிறார்!
– மீ.

'புற்று வரம்பு' எனலாம். வரம்புதான் வயலில் வரப்பு ஆனது, இரும்பு 'இருப்புப்பாதை'யில் வலிப்பதுபோல (மெல்லெழுத்து வல்லெழுத்தாக மாறுவதுபோல). புற்று வரம்பு மீறிற்று என்ற தொனியும் கிடைக்கும்.
– க.

ஐயா, இரும்பு தொகையில் முன்னே நிற்கும்போதுதான் வலிக்கிறது. வரப்பு தனியே நிற்கிறதே. அது கிடக்கட்டும், அந்தத் தொனிதான் வேண்டாம் என்கிறேன். கத்தி சுரப்பிக்குள்ளேயே இறங்கிவிட்டால், வெளியே வராத புற்றும் மையைத் தொடும். பரவுமா என்று கணிக்க விளிம்பு மட்டும் போதாது. கிளீசன் மதிப்பெண் (நுண்ணோக்கியில் புற்றின் தீவிரத்துக்கு இடும் எண்), விந்துப்பை (புராஸ்டேட்டை ஒட்டிய, விந்துநீர் சுரக்கும் பை), நிணக்கணு, அறுவைக்குப் பிந்தைய பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் அணுக்கள் சுரக்கும் புரதம், இரத்தத்தில் அளப்பது) எல்லாம் பார்ப்போம். விந்துப்பையிலோ நிணக்கணுவிலோ புற்று ஏறியிருந்தால் கவலை கூடும். விளிம்பில் மட்டும் என்றால் பலருக்கு நோய் திரும்புவதே இல்லை. அப்புறம், மீ., உங்கள் வரைவில் விந்துப்பை 'விதைப்பை' என்று விழுந்திருக்கிறது. இரண்டும் வேறு.
– மரு. சு.

முதலில் 'புராஸ்டேட்'டை எடுங்கள். சுக்கிலவகம் இருக்கிறதே?
– வே.

சுக்கிலம் மட்டும் தமிழா, வே.?
– க.

சரி, 'மைதொடு விளிம்பு'?
– வே.

மை எல்லா விளிம்பிலும்தான் இருக்கும். புற்று தொடுவதுதானே சேதி?
– மரு. சு.

அப்படியானால் 'புற்றுதொடு விளிம்பு'. அழகான வினைத்தொகை!
– வே.

அங்கேதான் சிக்கல். வினைத்தொகையில் முக்காலமும் விரியும்: தொட்ட, தொடுகின்ற, தொடும். கண்டது மேசைமேல் இருக்கும் சுரப்பியில். வாசிப்பவர் 'இனிமேல் தொடும்' என்று எடுத்துக்கொண்டால் நாம் ஆரூடம் சொன்னதாகிவிடும்.
– க.

'விளிம்பில் புற்று உண்டு', 'விளிம்பில் புற்று இல்லை' என்றே போட்டுவிடுகிறேன். மருத்துவருக்கும் சம்மதம். சொல்லடைவுக்கு வேறு பார்த்துக்கொள்வோம்.
– மீ.

அது வாக்கியம், கலைச்சொல் அன்று. என் மறுப்பைப் பதிவு செய்க.
– வே.