ரொறன்ரோவில் பின்வளவில் நானே டெக் கட்ட எந்த மரம், எந்த முறை?

கேள்வி

ஸ்காபரோவில் இருக்கிறோம். பின்கதவுக்கும் நிலத்துக்கும் இடையே இரண்டரை அடி உயரம். 12 அடிக்கு 14 அடி அளவில் ஒரு டெக்கை (தூண்மேல் நிற்கும் மரத்தளத்தை) இந்தக் கோடையில் நானே கட்ட நினைக்கிறேன். உக்காமலிருக்க மருந்தேற்றிய மரமா, சிடார் மரமா, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த கொம்போசிட் பலகையா? அம்மா வெறுங்காலோடுதான் நடப்பார், மிளகாயும் அங்கேதான் காயப்போடுவார். கடையில் விற்கும் கொங்கிரீட் கட்டைகளை நிலத்தில் வைத்துத் தூண்களை நிறுத்தலாமா?

பதில் (தச்சர்)

தம்பி, பலகையைப் பிறகு பார்ப்போம். அந்தக் கட்டைகளை இந்த உயரத்துக்கு நம்பாதீர்கள். நம் பகுதியில் களிமண் அதிகம். அதிலுள்ள ஈரம் குளிர்காலத்தில் உறைந்து பருத்து, மேலே இருப்பதைத் தூக்கும். வசந்தத்தில் ஒவ்வொரு கட்டையும் ஒவ்வொரு அளவுக்கு இறங்கும். நான்கடி, அதாவது 1.2 மீற்றர் ஆழத்துக்குக் குழி தோண்டி, அட்டைக் குழாய் இறக்கிக் கொங்கிரீட் ஊற்றுங்கள். குழாயின் வழவழப்பான பக்கத்தை உறைந்த மண் எளிதில் பற்றிப் பிடிக்காது. தூணைக் கொங்கிரீட்டுக்குள் புதைக்க வேண்டாம். மேலே உலோகத் தாங்கி வைத்து நிறுத்துங்கள், அடி உக்காது.

தோண்டுவதற்கு ஒரு வாரத்துக்கு மேலாகவே ஒன்டாரியோ வன் கோல் (Ontario One Call) என்ற சேவைக்கு அறிவியுங்கள். எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் போகும் இடத்தை இலவசமாகக் குறித்துத் தருவார்கள். டெக் 60 சென்ரிமீற்றரைத் தாண்டுவதால் நகரசபை அனுமதியும் கைப்பிடியும் கட்டாயம். கைப்பிடி 90 சென்ரிமீற்றர் உயரம். கம்பிகளுக்கிடையே 10 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி கூடாது.

கேட்டவர்

மிக்க நன்றி அண்ணா. வீட்டுப் பக்கம் தூண் வைக்காமல், ஒரு சட்டத்தைச் செங்கல் சுவரில் போல்ட் போட்டு முடுக்கினால் செலவு குறையாதா?

பதில் (தச்சர்)

தயவுசெய்து வேண்டாம். இங்கே பல வீடுகளில் வெளியே தெரியும் செங்கல் ஒற்றை வரி முகப்புதான். வீட்டைத் தாங்குவது அதற்குப் பின்னால் உள்ள மரச்சட்டம். டெக்கின் பாரத்தையும் பனியின் பாரத்தையும் சுமக்க அந்த முகப்பு கட்டப்படவில்லை. வீட்டைத் தொடாமல் தன் காலில் நிற்கும் டெக்காகக் கட்டுங்கள். சுவரை ஒட்டியும் குழி தோண்டாதீர்கள்: பேஸ்மென்ட் கட்டியபோது வெட்டி நிரப்பிய மண் அது, இன்னும் இறங்கக்கூடும். உத்தரத்தைச் சற்று விலக்கி வைத்து, அதன்மேல் பலகையைத் தாங்கும் சட்டங்களான ஜோயிஸ்டுகளைச் சுவர்ப்பக்கம் நீட்டிவிடுங்கள். எவ்வளவு நீட்டலாம் என்பது மரத்தின் அளவைப் பொறுத்தது. அனுமதிக்கான வரைபடத்தில் அதைக் காட்டியே ஆகவேண்டும்.

பதில் (அயலூரவர்)

எங்கள் வீட்டில் அடர்சாம்பல் கொம்போசிட். சாயம் பூசும் வேலையே இல்லை, எனக்கு முழுத் திருப்தி. ஆனால் ஜூலை நண்பகலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. அம்மாவுக்காக வெளிர்நிறமாவது பாருங்கள்.

பதில் (தச்சர்)

அவர் சொல்வது சரி. உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது: கீழே முழுவதும் மருந்தேற்றிய மரம், மேலே சிடார். சிடார் காலைச் சுடுவது குறைவு, சிலாம்பும் குறைவு. பணம் இறுக்கமென்றால் மேலேயும் மருந்தேற்றிய பலகையே போடலாம், ஆனால் அதில் செம்பு கலந்த மருந்து இருக்கிறது. மிளகாயைப் பாய் விரித்தே காயப்போடச் சொல்லுங்கள். அந்தப் பலகை கடையிலிருந்து வரும்போது ஈரமாகவே இருக்கும். கையில் எடுத்தால் கனம் தெரியும், திருகாணி இறங்கும் இடத்தில் நீர் கசியும். அப்படியானால் நெருக்கி அடியுங்கள். காயும்போது சுருங்கித் தானே இடைவெளி விடும். காய்ந்த பலகைக்கு முதலிலேயே இடைவெளி விட வேண்டும்.

அதே செம்பு சாதாரண இரும்பை அரித்துவிடும். அதனால் திருகாணி, போல்ட், தாங்கி எல்லாம் மருந்தேற்றிய மரத்துக்கென்று விற்கும் நாகம் (சிங்க்) பூசியவையாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்கட்டும். வெட்டிய முனை ஒவ்வொன்றுக்கும் அதற்கான மருந்தைப் பூசுங்கள். ஏற்றிய மருந்து மரத்தின் நடு வரை போயிருக்காது. ஜோயிஸ்டுகளுக்கு 16 அங்குல இடைவெளி போதும்; பலகையைக் குறுக்குச் சாய்வாகப் போடுவதென்றால் 12.

வரைபடம் போட்டதும் உத்தரத்தின் அளவையும் குழிகளின் இடத்தையும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.