பிக்கப் பட்டை கட்டானது: பாத்ததைச் சொல்லுங்க (வண்டிக்காரங்க குழுப் பேச்சு, எழுதுனவரு பேரு மேல)

ராதாபுரம் லோடு

நாலு நாளா உறுத்திக்கிட்டே இருக்கு. ஒன்றரை டன் பிக்கப், ராதாபுரம் பக்கம் குவாரியில அரை யூனிட் எம்சாண்ட் ஏத்திட்டு வள்ளியூர் வருது. பின்னாடி இடது மெயின் பட்டை, அதாவது பாரம் தாங்குற ஸ்பிரிங் அடுக்குல முக்கியமான பட்டை, அடுக்கை நடுவுல கோக்கிற சென்டர் போல்ட் ஓட்டையில நேரா ரெண்டு துண்டு. பட்டை கட்டாகுறது ஒண்ணும் அதிசயம் இல்ல, இங்க உள்ள எல்லாரும் பாத்ததுதான். உறுத்துறது அந்த உடைஞ்ச வாய்தான்.

துண்டைத் துணியில தொடச்சுப் பாத்தா, ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் பிறை மாதிரி கறுப்பு. துரு ஏறி, சங்கு மேல இருக்குமே, அந்த மாதிரி வரிவரியா. வெளி ஓரத்துல மட்டும் சுண்டுவிரல் அகலத்துக்குப் பளபளன்னு வெள்ளி நிறம். கறுப்பு பழைய வெடிப்பு. வெள்ளி அன்னைக்கு உடைஞ்சது. அதாவது பாதிக்கு மேல வெடிச்ச பட்டையை வச்சுக்கிட்டே வாரக்கணக்கா லோடு அடிச்சிருக்கு வண்டி. டிரைவர் "குழியில விழுந்து உடைஞ்சிட்டு அண்ணாச்சி"ங்காரு. குழி மேல பழி. அடுக்கை ஆக்சிலோட கட்டிப் பிடிக்கிற யூ போல்ட் நட்டுல ஸ்பேனரை வச்சா, ஒத்தக் கையில அரைச்சுத்து வந்துட்டு.

பேட்டை பட்டறை

உங்க கடைசி வரிதான் மொத்த விஷயமும். யூ போல்ட் இளகுனா என்ன ஆகும்னு கேட்டா "சத்தம் வரும்"னு சொல்லி நிப்பாட்டிருதாவ. ரெண்டு யூ போல்ட்டுக்கு நடுவுல உள்ள இடம் அசையவே கூடாது. இறுக்கமா இருந்தா அங்க வளைவே வராது, ஓட்டை இருந்தாலும் பட்டைக்குக் கேடில்ல. இளகிட்டுன்னா வளைவு ஓட்டை வரைக்கும் வந்துரும். 60 மில்லி அகலத்துல 10 மில்லி ஓட்டைன்னா மிச்சம் இரும்பு 50தான். போதாததுக்கு ஓட்டை ஓரத்துலதான் இழுவை வந்து குவியும். அங்கேயே முடி மாதிரி வெடிப்பு கிளம்பும்.

சென்டர் போல்ட்டு சுமை தாங்கும்னு நினைக்கவங்க இருக்காங்க. அது பட்டையை வரிசையில நிறுத்தவும், அதோட தலை ஆக்சில் சீட் குழியில உக்காந்து ஆக்சிலை இடம் மாறாம வைக்கவும் மட்டும்தான். பிடிக்கிறது யூ போல்ட். அது இளகினா சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் நகரும், வண்டி நண்டு மாதிரி சாய்ஞ்சு போகும். பின்னால வர்றவனுக்குத் தெரியும், ஓட்டுறவனுக்குத் தெரியாது.

மாத்தும்போது தப்பு நடக்குற இடங்களைச் சொல்லுதேன். முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கல்லு. ஜாக்கி ஆக்சில்ல இல்ல, சேஸ்ல. சேஸுக்கு ஸ்டாண்டு குடுத்துட்டு, ஆக்சிலுக்குத் தனியா இன்னொரு ஜாக்கி. ஷாக் அப்சார்பர் கீழ்ப்போல்ட்டைக் கழட்டாம ஆக்சிலை இறக்குனா ஷாக் அடி வாங்கும். பிரேக் ஹோஸ் தொங்குதா இழுக்குதான்னு ஒரு பார்வை. அப்புறம் யூ போல்ட், ஷேக்கிள் (பட்டையோட பின் நுனியைச் சேஸோட சேக்கிற ஆடுற இணைப்பு), கடைசியா முன் கண் போல்ட் (பட்டை நுனி வளையந்தான் கண்ணு).

செட்டைக் கீழ இறக்கி சென்டர் போல்ட்டைப் பிரிக்கும் முன்னால ரெண்டு பக்கமும் சி கிளாம்ப் போட்டே ஆகணும். அடுக்கி இறுக்குன பட்டை சும்மா கிடக்கிற இரும்பு இல்ல. நட்டு கழண்டதும் மேல் பட்டை சீறிக்கிட்டு வரும், முகத்துக்கு நேர.

மாட்டும்போது யூ போல்ட் புதுசு. பழசு ஏற்கெனவே நீண்டு போயிருக்கும், மறுபடி இறுக்கினா பிடி நிக்காது. லேத்துல சாதா கம்பியைப் பழுக்க வச்சு வளைச்சுக் குடுக்கிற யூ போல்ட்டும் வேண்டாம். 8.8 இல்லாட்டி 10.9 தரம், நட்டும் அதே தரத்துல. நாலு நட்டையும் குறுக்கா மாத்தி மாத்தி, மூணு தவணையா இறுக்கணும். 12 மில்லி மரைன்னா 8, 9 கேஜிஎம் (கிலோகிராம் மீட்டர், இறுக்குற முறுக்கு அளவு), 14 மில்லின்னா 13 பக்கம். வண்டி மேனுவல்ல வேற கணக்கு இருந்தா அதுதான். கடைசி இறுக்கு சக்கரம் தரையில நின்ன பிறகு. ரப்பர் புஷ் வச்ச கண் போல்ட்டுக்கும் இதே விதி. தொங்கவிட்டு இறுக்கினா, வண்டி இறங்குனதும் ரப்பர் முறுக்குலேயே நிக்கும், மூணு மாசத்துல கிழியும்.

முதல் லோடு இறக்குன உடனே ஒரு தடவை, 500 கிலோமீட்டர்ல ஒரு தடவை மறு இறுக்கு. புதுப் பட்டைக்கு நடுவுல இருக்குற பெயின்டு நசுங்கியே நட்டு இளகும். இதைச் செய்யாமத்தான் "புதுப் பட்டையும் கட்டாயிட்டு"ன்னு வாராவ.

களக்காடு வாழை

அண்ணாச்சி சொன்னது சரிதான். ஆனா எங்க பக்கம் யூ போல்ட்டை விட 'ஒரு பட்டை கூடப் போடு'ங்கிற பேச்சுதான் பட்டையை உடைக்குது. பார்த்த வண்டியில 8 மில்லி பட்டை அஞ்சு. தாரு ஏத்துனா பின்பக்கம் குந்துதுன்னு நடுவுல ஒரு 10 மில்லியைச் சொருகிட்டாவ. ரெண்டு மாசத்துல எது உடைஞ்சது தெரியுமா? அந்தப் பத்துதான். மெலிசு அஞ்சும் முழுசா இருக்கு.

"தடிச்சது எப்படி முதல்ல உடையும்?"னு சங்கத்துல ஒரே சண்டை. கணக்கு இதுதான். பட்டையோட விறைப்பு தடிமனை மும்மடிப் பெருக்கி வரும். 8க்கு 512, 10க்கு 1000. ஒரு பட்டை கிட்டத்தட்ட ரெண்டு பட்டை வேலையை இழுத்துக்கிடும். எல்லாப் பட்டையும் ஒரே அளவுதான் வளையணும், ஒண்ணாக் கட்டிக் கிடக்குதுல்லா. அதே வளைவுக்குத் தடிச்ச பட்டையோட மேல்தோல் கால் பங்கு கூட இழுபடும். பத்து உடைஞ்சது அதனாலதான்.

போட்டே ஆகணும்னா அதே தடிமன், அதே அகலம். வளைவும் பொருந்தணும். செட்டைப் பிரிச்சு வச்சுப் பாத்தா, குட்டைப் பட்டை மேல உள்ளதை விடக் கொஞ்சம் கூடுதலா வளைஞ்சிருக்கும், நடுவுல சின்ன இடைவெளி தெரியும். அந்த இடைவெளி இருந்தாத்தான் இறுக்கினதும் நுனி அழுந்தும். தட்டையான பழைய பட்டையைக் கொண்டாந்து சொருகுனா இறுக்கின பிறகும் நுனியில அட்டை நுழையும். அந்தப் பட்டை சுமக்காது, சும்மா சவாரி வரும்.

உவரி மீன்

எங்க ஊர்ல பட்டை நடுவுல உடையாது. கண்ணுல உடையும். மீன் பெட்டியில இருந்து ஐஸ் தண்ணி உப்போட ஒழுகி, பாடிப் பலகை இடுக்கு வழியா நேரா பின் ஷேக்கிள் மேலதான் விழுது.

ஒரு வண்டியில ஷேக்கிள் பின்னும் புஷ்ஷும் ஒரே இரும்பா ஒட்டிக் கிடந்துச்சு. சுத்தியலால அடிச்சா "ணங்"னு வரணும்லா, "சொத்"துங்குது. ரெண்டு பேர் ஏறிக் குதிச்சும் ஷேக்கிள் ஒரு நூல் அசையல. பாரத்துல பட்டை நிமிரும்போது ரெண்டு கண்ணுக்கும் நடுவுல நீளம் கூடும், அதுக்கு இடம் குடுக்கத்தான் ஷேக்கிள் ஆடணும். அது ஆடாட்டி கண்ணோட கழுத்து மடங்கி மடங்கி விரிசல் விடும்.

லோடு இறக்குனதும் நல்ல தண்ணி அடிச்சுக் கழுவுங்க. அவ்வளவுதான் வைத்தியம். கிரீஸ் நிப்பிள் உள்ள வெண்கல புஷ்ஷுன்னா வாரம் ஒருக்கா கிரீஸ், பழைய அழுக்கு வெளிய தள்ளுற வரைக்கும். ரப்பர் புஷ்ஷுக்கு கிரீஸ் வைக்கக் கூடாது, ஊதிப் போகும். பழைய இஞ்சின் ஆயில் தெளிக்கிறவங்களும் உண்டு. நம்ம தேரி மண்ணு அதுல ஒட்டி உப்புத்தாள் மாதிரி பட்டையைத் தேய்க்கும்.

மணிமுத்தாறு மேல்ரோடு

மெக்கானிக் இருக்குற ஊர்ல உடைஞ்சா சரி. மாஞ்சோலை ஏத்தத்துல உடைஞ்சா?

வலது பின்பக்கம், முன் கண்ணு கட். ஷேக்கிள் பக்கம் இல்ல, சேஸோட நிலையாப் பிடிக்கிற பக்கம். டயர் பின்மட்கார்டு தகரத்தை உரசி ரப்பர் கருகுன வாடை. கீழ குனிஞ்சு பாத்தா பின் ஆக்சிலைச் சுத்த வைக்கிற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டோட ஸ்லிப்பு (உள்ளயும் வெளியவும் நழுவுற மூட்டு) ரெண்டு விரக்கடை வெளிய வந்து, கிரீஸ் இல்லாத புது இரும்பு மினுங்குது. இன்னும் ரெண்டு விரக்கடை போயிருந்தா ஷாஃப்ட் கழண்டு தரையில குத்தியிருக்கும்.

இதை மட்டும் மனசுல வைங்க. பின்பக்க ஷேக்கிள் கண்ணு உடைஞ்சா ஆக்சில் இடம் மாறாது, சேஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல மரக்கட்டை குடுத்து, கயிறோ சங்கிலியோ கட்டி, லோடை இறக்கிட்டு 15, 20 வேகத்துல இறங்கலாம். கட்டைக்கு வேம்பு, புளி மாதிரி வைரம் பாய்ஞ்ச மரம், சவுக்கு பிளந்து போகும். முன் கண்ணு உடைஞ்சா ஆக்சிலை முன்னால இழுத்து, முன் பிராக்கெட்டோட சங்கிலி போட்டு இறுக்காம ஒரு அடி நகத்தக் கூடாது. செகண்ட் பட்டை மெயின் கண்ணைச் சுத்தி வளைச்சு வந்திருக்கிற வண்டின்னா அது கொஞ்சம் பிடிக்கும். எல்லா வண்டியிலயும் அது கிடையாது. சங்கிலி பிரேக் பைப் மேல படுதான்னு பாக்காம கட்டினா பட்டையோட பிரேக்கும் போயிரும்.

தென்காசி ரோடு

ஆலங்குளம் தாண்டி ஒரு பிக்கப் சாய்ஞ்சு நின்னதைப் பாத்தேன், இடது பட்டை கட்.

ஆனா நீங்க எல்லாம் பட்டையைப் பத்தியே பேசுதிய, பாரத்தைப் பத்தி யாரும் வாயைத் திறக்கல. முதல்ல எழுதுனவரு 'அரை யூனிட்'னு சாதாரணமாச் சொல்லிட்டுப் போயிட்டாரு. ஒரு யூனிட் 100 கன அடி, 2.83 கன மீட்டர். அரை யூனிட் 1.41. எம்சாண்ட் கன மீட்டருக்கு 1.6 டன்னுக்குக் குறையாது. 2.3 டன் பக்கம் வருது, தண்ணி தெளிச்ச மண்ணுன்னா இன்னும் கூட. ஒன்றரை டன் வண்டியில முக்கால் டன்னுக்கு மேல கூடுதல். 2019ல மோட்டார் வாகனச் சட்டம் திருத்தின பிறகு கூடுதல் பாரத்துக்கு 20,000 ரூபாய், அதுக்கு மேல டன்னுக்கு 2,000, இறக்குற கூலியும் நம்ம தலையில. ஒரு தடவை பிடிபட்டா எத்தனை நடைக் கூலி போகும்னு கணக்குப் பாருங்க. ரெண்டு நடையாப் பிரிச்சு அடிங்க. காத்து 5 பிஎஸ்ஐ கூட வச்சா சரியாகும்னு நினைக்காதிய, டயருக்கும் அதே கதிதான். எடை போட்டுட்டு ரோட்டுக்கு வாங்க. குவாரியில சீட்டு கேட்டு வாங்குங்க.

ராதாபுரம் லோடு

அபராதம் யாரும் கேக்கல வே. பாரம் கூடன்னு தெரியாமலா இருக்கு? அதே பாரத்தை அடிக்கிற பக்கத்து வண்டியில பட்டை நிக்குது, இதுல நிக்கல. அதுக்குத்தான் காரணம் தேடுதோம். வெல்டிங் அடிச்சா ஒரு வாரம் ஓடும்னு ஒருத்தர் சொல்லுதாரு, அதைப் பத்திச் சொல்லுங்க.

பேட்டை பட்டறை

வெல்டிங் ஒரு வாரம் இல்ல, ஒரு குழி கூடத் தாங்காது. பட்டை எண்ணெயில குளிர வச்சு, அப்புறம் பதம் இறக்குன சிலிக்கன் எஃகு. வெல்டிங் சூட்டுல அந்தப் பதம் போயிரும். ஒட்டின இடத்துக்கு ஒட்டினாப்ல ஒரு விரக்கடை கண்ணாடி மாதிரி நொறுங்கும், அதுக்கு அடுத்தது ஈயம் மாதிரி வளையும். ஓட்டையைக் கேஸ் வச்சு அகலப்படுத்துறதும் இதே பாவம். உடைஞ்ச பட்டை கொல்லம்பட்டறைக்குப் போகட்டும், வெட்டருவாளுக்கு அதை விட நல்ல இரும்பு கிடையாது.

வாழைத்தாரு தம்பிக்கு ஒண்ணு. கூடுதல் பட்டை போட்டா உடையுறது மட்டும் இல்ல. லோடு வால்வு இருக்குற வண்டியில, ஆக்சில்ல இருந்து ஒரு ராடு போய் சேஸ்ல உள்ள வால்வை அசைக்கும். பின்பக்கம் உசந்தா வண்டி காலின்னு அது நினைச்சுக்கிட்டு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் குறைக்கும். உள்ள ரெண்டு டன் இருக்கும், வால்வுக்குத் தெரியாது. பட்டையில கை வச்சா ராடு அளவையும் மேனுவல்படி திருத்தணும்.

ராதாபுரத்துக்காரருக்கு: ஒரு பக்கம் மட்டும் மாத்தியிருந்தா, சமதரையில காலி வண்டியை நிறுத்தி, ஹப் நடுவுல இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப் பிடிச்சுப் பாருங்க. ஒரு சென்டிமீட்டருக்கு மேல வித்தியாசம்னா வலதையும் இறக்குங்க. இறக்கினதும் கம்பி பிரஷ், மண்ணெண்ணெய் தடவி கால் மணி நேரம், நல்லாத் துடைச்சுட்டு மேல சுண்ணாம்புப் பொடி. வெடிப்பு இருந்தா உள்ள நின்ன எண்ணெய் கசிஞ்சு காட்டிக் குடுக்கும்.

களக்காடு வாழை

ராடு விஷயம் தெரியாது அண்ணாச்சி. அந்த வண்டியில போய்ப் பாக்கணும்.

ராதாபுரம் லோடு

அளந்தாச்சு. இடது 41.5 சென்டிமீட்டர், வலது 40. வலதையும் இறக்கியாச்சு. பாக்க முழுசாத்தான் இருந்துச்சு, தட்டுனா சத்தமும் நல்லாத்தான் வந்துச்சு. சுண்ணாம்பு போட்டு டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள, ஓட்டையில இருந்து வெளிப்பக்கமா ஒரு நகக்கண் நீளத்துக்கு ஈரக்கோடு.