எக்ஸ், க்யூ, இசட்டில் தொடங்கும் ஆங்கிலப் பாடல்கள் ஷீட்டில் சிக்கவில்லை, உதவி தேவை

கேட்டவர்:
ஏ முதல் இசட் வரை எழுத்துக்குப் பத்து என்று 260 ஆங்கிலப் பாப் பாடல்களைச் சேர்க்கிறேன். அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100, பிரிட்டனின் சிங்கிள்ஸ் சார்ட் இரண்டிலும் முதலிடம் பிடித்த பாடல்களை விக்கிப்பீடியாவின் ஆண்டுவாரிப் பக்கங்களிலிருந்து கூகுள் ஷீட்டுக்குள் இழுத்துவிட்டேன். பெயரின் முதல் எழுத்தை லெஃப்ட் ஃபார்முலாவால் எடுத்து ஃபில்டர் போட்டால் எந்த எழுத்துக்கும் ஒரு பாட்டுகூட வரவில்லை. கொஞ்சம் வரிசைகளைக் கையால் தட்டச்சு செய்து பார்த்தேன். அதில் டி எழுத்து மட்டும் குவிகிறது. எக்ஸ், க்யூ, இசட் மூன்றும் காலி. பாட்டுச் செயலியில் எக்ஸ் என்று தேடினால் பாடகர் பெயரும் ஆல்பம் பெயரும்தான் வருகின்றன. எங்கே தவறுகிறேன்?

மறுமொழி 1:
ஒன்றுமே வராததற்குக் காரணம் மேற்கோள் குறி. விக்கிப்பீடியா அட்டவணையில் பாடல் பெயர் இரட்டை மேற்கோளுக்குள் இருக்கும். அதனால் உங்கள் லெஃப்ட் எடுத்துத் தருவது எழுத்தை அல்ல, அந்தக் குறியை. உறுதிப்படுத்த, முதல் எழுத்துக்கு, எழுத்தின் எண்ணைக் காட்டும் கோட் ஃபார்முலா போடுங்கள். 34 என்று வந்தால் நேர் மேற்கோள், 8220 என்றால் வளைந்த மேற்கோள். ஒன்றை இன்னொன்றாக மாற்றும் சப்ஸ்டிட்யூட் ஃபார்முலாவில் சார் 34 (எண்ணிலிருந்து குறியைத் தரும் ஃபார்முலா) கொடுத்து வெறுமையாக மாற்றினால் போய்விடும். வளைந்ததற்குத் தனியாக இன்னொரு தடவை செய்ய வேண்டும்.

160 என்று வந்தால் அது உடையா இடைவெளி, பார்க்கச் சாதாரண இடைவெளி போலவே இருக்கும். இடைவெளிகளை நீக்கும் டிரிம் ஃபார்முலா அதைத் தொடாது, அதையும் சப்ஸ்டிட்யூட்டில்தான் நீக்க வேண்டும். பெயரின் கடைசியில் ஒட்டியிருக்கும் அடிக்குறிப்பு எண்களையும் இப்போதே எடுத்துவிடுங்கள். முதல் எழுத்தை அவை கெடுக்காது. ஆனால் ஒரே பெயர் திரும்ப வருவதை நீக்கும் யூனிக் போடும்போது அடிக்குறிப்போடு ஒன்று, இல்லாமல் ஒன்று என்று ஒரே பாட்டு இரண்டாக நிற்கும். பல வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டுக்கு அட்டவணையில் கட்டங்கள் இணைந்திருக்கும். அதனால் வரும் வெற்று வரிசைகளைத் தூக்கிவிடலாம்.

மறுமொழி 2:
டி குவிவது 'தி'யால். அதைக் கழிக்க வேண்டும்தான், ஆனால் கழிக்கும் விதத்தில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். பெயரின் தொடக்கத்தில் 'தி', 'ஏ', 'ஆன்' மூன்றில் ஒன்று இருந்து, அடுத்து ஓர் இடைவெளியும் இருந்தால் மட்டுமே கழியுங்கள். இடைவெளி நிபந்தனையை விட்டால், நான்சி சினாட்ராவின் 'தீஸ் பூட்ஸ் ஆர் மேட் ஃபார் வாக்கின்' (1966) முதல் மூன்று எழுத்தை இழந்து எஸ் வரிசைக்குப் போய்விடும். ஜாக்சன் 5 குழுவின் 'ஏபிசி' (1970) பி வரிசையில் உட்காரும். இப்படி நிபந்தனை வைத்து மாற்றும் ரீஜெக்ஸ் ரீபிளேஸ் ஃபார்முலாவில் 'பெயரின் தொடக்கம்' என்பதற்கான குறியும் கட்டாயம், இல்லையென்றால் நடுவில் வரும் 'தி'யும் சேர்ந்து காணாமல் போகும்.

சரியாகக் கழித்தால் பீட்டில்ஸின் 'ஏ ஹார்ட் டேஸ் நைட்' எச் வரிசைக்கு வரும். நூலகங்களில் பாடல் பெயரை அடுக்கும் முறையும் இதுதான்.

'தி' போன்ற பிறமொழிச் சுட்டுச்சொற்களை மொத்தமாகக் கழிக்கும் ஆயத்த ஃபார்முலாக்கள் கிடைக்கும். தயவுசெய்து அவற்றைத் தொடாதீர்கள். ஜெர்மன் மொழியில் 'டை' ஒரு சுட்டுச்சொல், எழுத்துக்கூட்டலும் ஆங்கில 'டை'யைப் போலவே இருக்கும். மடோனாவின் 'டை அனதர் டே' (2002) அதில் 'அனதர் டே' ஆகி ஏ வரிசையில் கிடக்கும். 'லா பாம்பா' மாதிரி உண்மையான ஸ்பானியப் பெயர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், கையால் முடிவு செய்யுங்கள்.

மறுமொழி 3:
எக்ஸ், க்யூ காலியாக இருப்பதில் உங்கள் ஷீட்டின் தவறு பாதிதான். மீதி, பாட்டின் பெயர் எது என்ற கேள்வி. நாம் வாயால் சொல்லும் பெயர் ஒன்று, இசைத்தட்டில் அச்சான பெயர் வேறொன்று. டோரிஸ் டேயின் 'கே சரா சரா' (1956) க்யூ என்றுதான் எல்லோரும் நினைப்போம். அச்சான பெயர் 'வாட்டெவர் வில் பி, வில் பி', 'கே சரா சரா' அதன் பின்னால் அடைப்புக்குறிக்குள் வருகிறது. ஆகவே அது டபிள்யூ. பாப் டிலன் எழுதிய 'குவின் தி எஸ்கிமோ' க்யூ. அதையே மான்ஃப்ரெட் மான் குழு 1968-ல் 'மைட்டி குவின்' என்று வெளியிட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, அது எம். அதே ஆண்டு அங்கே முதலிடத்துக்கு வந்த 'தி லெஜண்ட் ஆஃப் ஸனடூ'வும் அப்படித்தான்: ஸனடூவின் எழுத்துக்கூட்டல் எக்ஸில் தொடங்கினாலும் பாட்டு எக்ஸ் அல்ல, எல்.

அடைப்புக்குறிக்கும் இதே விதி: குறியை மட்டும் நீக்குங்கள், உள்ளே உள்ள சொற்களை வைத்துக்கொள்ளுங்கள். ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' (1965) அடைப்புக்குறிக்குள் 'ஐ கான்ட் கெட் நோ' என்று தொடங்குவதால் ஐ வரிசை. கார்பென்டர்ஸின் 'க்ளோஸ் டு யூ' (1970) டி வரிசை, முன்னால் 'தே லாங் டு பி' இருக்கிறது. உள்ளே உள்ளதையும் சேர்த்துத் தள்ளுவது என்று முடிவெடுத்தாலும் தப்பில்லை. ஆனால் 260 பாட்டுக்கும் ஒரே விதியாக இருக்கட்டும்.

முதலிடப் பாட்டுகளை மட்டும் வைத்து எக்ஸுக்குப் பத்து நிரப்ப முடியாது. ஒலிவியா நியூட்டன்-ஜானும் இஎல்ஓ குழுவும் சேர்ந்து தந்த 'ஸனடூ' 1980-ல் பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் எட்டாமிடம். அதற்கு மேல் வேண்டுமென்றால் வலையை விரிக்கத்தான் வேண்டும்: ப்ளாண்டியின் முதல் சிங்கிள் (தனியாக வெளியிட்ட பாட்டு) 'எக்ஸ் அஃபெண்டர்' (1976), ரஷ் குழுவின் 'ஸனடூ' (1977, பெயர்தான் ஒன்று, பாட்டு முற்றிலும் வேறு), டிஎம்எக்ஸின் 'எக்ஸ் கான் கிவ் இட் டு யா', கோல்ட்ப்ளேயின் 'எக்ஸ் அண்ட் ஒய்' (2005), பியான்சேயின் 'எக்ஸ்ஓ' (2013). க்யூவில் நிலைமை பரவாயில்லை. கேரி யூ.எஸ். பாண்ட்ஸின் 'குவார்ட்டர் டு த்ரீ' 1961-ல் அமெரிக்காவில் முதலிடம். ஜூஸ் நியூட்டனின் 'குயின் ஆஃப் ஹார்ட்ஸ்' (1981), பேக்ஸ்ட்ரீட் பாய்ஸின் 'குவிட் ப்ளேயிங் கேம்ஸ்' (1997) இரண்டும் இரண்டாமிடம் வரை போனவை.

இசட்டில் தேடும்போது ஒன்றை மனதில் வையுங்கள். 1998 டிசம்பர் வரை கடையில் சிங்கிளாக விற்ற பாட்டுதான் ஹாட் 100-க்குள் நுழைய முடியும், வானொலியில் மட்டும் ஓடிய பாட்டுக்கு இடமில்லை. க்ரான்பெரீஸின் 'ஸாம்பி' (1994) அவ்வளவு ஒலித்தும் அந்தப் பட்டியலில் அப்போது இல்லாததற்குக் காரணம் இதுதான். தொண்ணூறுகளுக்கு பில்போர்டின் மாடர்ன் ராக் பட்டியலையும் சேர்த்துப் பாருங்கள், 'ஸாம்பி' அங்கே முதலிடம்.

மறுமொழி 4:
கையால் தட்டச்சு செய்த வரிசைகளில் இன்னொரு ஆபத்து உண்டு. பாட்டுக்குப் பாட்டு விளையாடிப் பழகிய காது ஒலியைப் பிடிக்கும், ஆங்கிலப் பட்டியல் எழுத்துக்கூட்டலைப் பிடிக்கும். 'ஐ ஆஃப் தி டைகர்' இ வரிசை. 'நாக்கின் ஆன் ஹெவன்ஸ் டோர்' கே. 'ரெக்கிங் பால்' டபிள்யூ. 'ஸனடூ'வைக் காதால் கேட்டு இசட்டில் போட்டிருந்தால் எக்ஸ் காலியாகத்தானே இருக்கும்? தட்டச்சு செய்த வரிசைகள் அனைத்தையும் மூலப் பட்டியலோடு ஒருமுறை ஒப்பிடுங்கள்.

கேட்டவர்:
மேற்கோள்தான் காரணம், கோட் 34 வந்தது. 'ஸனடூ' இசட்டில்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். மிக்க நன்றி. இன்னும் இரண்டு. '99 லுஃப்ட்பலூன்ஸ்', '50 வேஸ் டு லீவ் யுவர் லவர்' போன்றவை எந்த எழுத்திலும் சேரவில்லை. டாப் 40 வரை விரித்ததில் 'ஸா ப்ளான் பூர் முவா' வந்தது, அது சி ஃபில்டரில் விழவே இல்லை.

மறுமொழி 1:
இரண்டாவது எளிது. அதன் முதல் எழுத்து சி அல்ல, கீழே வால் உள்ள பிரெஞ்சு சி. கோட் 199 காட்டும். ஷீட்டுக்கு அது வேறு எழுத்து. குறியுள்ள எழுத்துகளுக்கு ஒரு சின்ன மாற்று அட்டவணை வைத்து, பெயரைத் தொடாமல் பக்கத்து நெடுவரிசையில் மட்டும் மாற்றுங்கள்.

எண்களை எழுத்தாக்கிச் சேர்ப்பதானால் '50 வேஸ்' எஃப்பில் வரும். '99 லுஃப்ட்பலூன்ஸ்' ஆங்கிலத்தில் வாசித்தாலும் ஜெர்மனில் வாசித்தாலும் என்தான். ஆனால் எல்லா மொழியிலும் இப்படிப் பொருந்தி வராது. 27-ஆவது வரிசையாக 'எண்கள்' என்று ஒதுக்குவதே என் பரிந்துரை. எம்சி ஹாமரின் 'யூ கான்ட் டச் திஸ்' (1990) ஒற்றை எழுத்து யூவோடு அச்சானது, ஒய்க்கு மாற்றாதீர்கள்.

மறுமொழி 5:
செயலித் தேடலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அவற்றில் 'இந்த எழுத்தில் தொடங்கும்' என்ற தேடலே கிடையாது. பெயர், பாடகர், ஆல்பம் எல்லாவற்றையும் கலந்து தேடும். எட் ஷீரனின் 2014 ஆல்பத்தின் பெயரே எக்ஸ் வடிவக் குறிதான், அது வந்து முன்னால் நிற்கும்.

மியூசிக்பிரைன்ஸ் என்ற இசைத் தரவுத் தளத்தில் மேம்பட்ட தேடலில் எழுத்தோடு நட்சத்திரக் குறி சேர்த்துத் தேடலாம். 'ரெக்கார்டிங்' (ஒவ்வொரு பதிவும்) என்பதை விட்டு 'வொர்க்' (பாட்டு) என்பதில் தேடுங்கள், ஒரே பாட்டின் நேரடி மேடைப் பதிவும் மறுபதிவும் நூறு தடவை வராது. அந்த நட்சத்திரம் பெயரில் உள்ள எந்தச் சொல்லின் தொடக்கத்தையும் பிடிக்கும், முதல் சொல்லை மட்டும் அல்ல. எக்ஸ் தேடினால் 'லெஜண்ட் ஆஃப் ஸனடூ'வும் வரும். ஆகவே முடிவுகளை ஷீட்டில் போட்டு மறுபடி வடிகட்டுங்கள். நிரல் எழுதி எடுப்பதானால் ஒரு கோரிக்கைக்கு அதிகபட்சம் 100 முடிவு, நொடிக்கு ஒரு கோரிக்கை. அந்த வேகத்தை மீறினால் பிழைச் செய்திதான் வரும்.

எம்பி3 கோப்பாக வைத்திருந்தால் தலைப்பை மாற்ற வேண்டாம். கோப்புக்குள் பாட்டு விவரங்களை வைக்கும் ஐடி3 டேக் 2.4 பதிப்பில் டிஎஸ்ஓடி என்று வரிசைக்கான தனிப் புலம் உண்டு. 'ஹார்ட் டேஸ் நைட், ஏ' என்பதை அதில் எழுதுங்கள், திரையில் உண்மையான பெயர் அப்படியே இருக்கும்.