நரைமுடி ஒட்டிய வாலிபர்களா? ‘ஸ்டில் கேம்’ தொடரை முன்வைத்து ஒரு வழக்கு

மேல்மாடி:
வேறொரு குழுவில் ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. பிபிசியின் ‘ஸ்டில் கேம்’ நகைச்சுவைத் தொடர், நரைமுடி ஒட்டிக்கொண்ட வாலிபர்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து ஏழைக் கிழவர்களைக் கேலி செய்து அடித்த கூத்து என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். 2002 செப்டம்பரில் தொடங்கி 2019 மார்ச்சில் முடிந்த 62 பகுதிகளில் அவர் எத்தனையைப் பார்த்தாரோ, கடவுளுக்கே வெளிச்சம். கிரெய்க்லாங் என்னும் கற்பனைப் பேட்டையில், களையிழந்து போன ஓர் அடுக்குமாடியில் குடியிருந்துகொண்டு, ஜாக், விக்டர் என்ற இரு கிழவர்கள் தாமாகத் தேடிப்போய் மாட்டிக்கொள்ளும் வம்புகள்தான் கதை. அங்கே கேலிக்கு ஆளாவது முதுமை அல்ல. முதியவர்களை அப்படி ஒரு கட்டடத்தில் கொண்டுபோய் அடுக்கிவைத்த ஏற்பாடுதான்.

கடைசிப்பேருந்து:
அந்த வரியை எழுதியவன் நான்தான். முதுகுக்குப் பின்னால் பேசாமல் அங்கேயே பதில் எழுதியிருக்கலாம். தொடர் தொடங்கியபோது ஜாக்காக நடித்த ஃபோர்ட் கீர்னனுக்கு வயது 40, விக்டராக நடித்த கிரெக் ஹெம்ஃபிலுக்கு 32. முப்பத்திரண்டு வயதுக்காரர் முதுகை வளைத்து, குரலை நடுங்கவைத்து, தட்டைத் தொப்பி போட்டுக்கொண்டு ‘கிழவர்’ ஆனால், அதற்குப் பெயர் கேலி இல்லாமல் வேறென்ன?

மேல்மாடி:
நடிப்பு என்று பெயர். அப்படிப் பார்த்தால் மேடையில் அரசனாக நடிப்பவர் அரண்மனையில்தான் பிறந்திருக்க வேண்டும். இது தொலைக்காட்சிக்காக அவசரமாக ஒட்டிய நரையும் அல்ல. 1997இல் எடின்பரோ ஃபிரிஞ்சு கலைவிழாவில் இதே கிழவர்கள் மேடை ஏறியிருக்கிறார்கள். லிஃப்ட் பழுதாகிவிட, கீழே இறங்க வழியின்றி மேல்மாடி வீடொன்றில் சிக்கிக்கொண்ட மூன்று கிழவர்களின் பேச்சுதான் அந்த நாடகம். லிஃப்ட் நின்றுபோனால் முதியவரின் உலகமே நான்கு சுவருக்குள் அடங்கிவிடும் என்று கண்டுகொண்டவர்கள் முதியவர்களைக் கேலி செய்கிறார்கள் என்கிறீர்கள். உங்கள் கண்ணில் நரைமுடி மட்டும்தான் படுகிறது.

கடைசிப்பேருந்து:
1997 என்றால் ஹெம்ஃபிலுக்கு இன்னும் குறைந்த வயது. என் வாதத்துக்கு நீங்களே சாட்சி சொல்லியதற்கு நன்றி. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2001 முதல் 2004 வரை கிளாஸ்கோ பல்கலைக்கழக மாணவர்கள் தேர்ந்தெடுத்த ரெக்டர், அதாவது நிர்வாகத்தில் மாணவர்களின் பிரதிநிதி, அவர். அந்தப் பதவியில் இருந்துகொண்டே பேட்டைக் கிழவராக வேடம் கட்டியிருக்கிறார்.

வடக்குத்தெரு:
இருவரும் நடிகர்களின் பிறந்தநாளையே எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2008இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். கிளாஸ்கோவின் கால்டன் பகுதியில் ஆண்களின் சராசரி ஆயுள் 54 என்றும், சில மைல் தள்ளியிருக்கும் லென்சியில் 82 என்றும் அதில் இருக்கிறது. இடையில் 28 ஆண்டுகள்! அந்த நகரத்தின் நொடித்துப்போன பேட்டைகளில் எழுபதைத் தாண்டிய ஆண்கள் ஒரு கூட்டமாகக் கூடி அரட்டை அடிப்பதே பெரிய விஷயம். புகைப் பழக்கத்தால் ஜாக், விக்டரின் நண்பர் வின்ஸ்டன் ஒரு காலை இழப்பதைக் கதைக்குள் வைத்துச் சிரிக்கவும் வைத்தவர்களுக்கு அந்த வாழ்க்கை தெரியாமல் இருக்க முடியாது.

கடைசிப்பேருந்து:
கால்டன் இருப்பது நகரின் கிழக்கே. தொடருக்கான அடுக்குமாடிகளைப் படமாக்கியது மேரிஹில்லில், அதாவது வடமேற்கே. எந்தப் பகுதியின் கணக்கை எங்கே கொண்டுவந்து பொருத்துகிறீர்கள்?

வடக்குத்தெரு:
கிரெய்க்லாங்கே கற்பனை ஊர் என்று மேலே எழுதியிருக்கிறதே ஐயா. கற்பனை ஊருக்குத் திசைகாட்டி வைத்துப் பார்க்கும் முதல் ஆள் நீங்கள்தான்.

நாற்காலி:
2007இல் நிறுத்திவிட்டு 2016இல் மறுபடி வந்தார்களே, அதைப் பற்றி யாராவது பேசுவீர்களா? பழைய கூர்மை அதில் இல்லை. இடையில் 2014இல் கிளாஸ்கோவின் ஹைட்ரோ அரங்கில் 21 மேடைக் காட்சிகள் நடத்திக் கைதட்டல் வாங்கிப் பழகிவிட்டார்கள். அந்த ருசிதான் தொடரைக் கெடுத்தது.

மேல்மாடி:
நாற்காலி, சென்ற மாதம் வேறொரு தொடரைப் பற்றியும் இதையேதான் எழுதினீர்கள். உங்களுக்கு எல்லாமே பழசுதான் நன்றாக இருக்கும். பேச்சு ஒப்பனையைப் பற்றியது, அதற்கு வருகிறேன். முதியவராக முதியவரே நடிக்க வேண்டும் என்று நிற்பவர்களுக்கு ஒரு கேள்வி. எரிக் என்ற கிழவராக நடித்த ஜேம்ஸ் மார்ட்டின் உண்மையிலேயே முதியவர். அவருக்குப் பக்கத்தில் ஜாக்கும் விக்டரும் நிற்கும் காட்சியைப் பாருங்கள். வேடம் கட்டியவர் யார், கட்டாதவர் யார் என்ற நினைப்பே சற்று நேரத்தில் மறந்துபோகும். கேலிச்சித்திரமாக நடித்திருந்தால் நிஜக் கிழவர் ஒருவர் அருகில் நின்ற நொடியிலேயே சாயம் வெளுத்திருக்கும். முதல் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டாரின் அட்டகாசம் தாங்காமல் ஜாக் வீடு மாறி விக்டருக்கு அடுத்த வீட்டுக்கு வருகிறார். வயதான காலத்தில் நிம்மதியாகத் தூங்குவதற்காக வீட்டையே மாற்ற வேண்டியிருப்பது சிரிப்பதற்குரிய சங்கதியா? ஆனாலும் சிரித்தோம். கஞ்சத்தனத்தில் டாமை மிஞ்ச ஆளில்லை, நவீத் கடையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே ஊர்வம்பு முழுவதையும் சேகரிக்கும் ஐசாவுக்கும் ஈடில்லை. இவர்களில் ஒருவரையாவது வயதானவர் என்பதற்காகச் சிரித்தோமா? கஞ்சனைக் கஞ்சன் என்பதற்காகவும், வம்புக்காரியை வம்புக்காரி என்பதற்காகவும்தானே சிரித்தோம்!

கடைசிப்பேருந்து:
இவ்வளவு நீளமாக எழுதியும் 32 என்ற எண்ணுக்குப் பதில் வரவில்லை. ஒரே ஒரு ஜேம்ஸ் மார்ட்டினைக் காட்டுகிறீர்கள், அவரும் துணைப் பாத்திரம். நிஜக் கிழவருக்கு ஓரத்தில் இடம், வேடக் கிழவர்களுக்கு நடுவில் இடம். 2019இல் தொடர் முடிந்தபோதுகூட ஹெம்ஃபிலுக்கு ஐம்பது ஆகவில்லை.

மேல்மாடி:
எழுதியவர்களே நடிக்கிறார்கள், நடுவில் நிற்காமல் எங்கே நிற்பார்கள்? பதினேழு ஆண்டுக் காலத்தில் ஆறும் ஒன்பதும் என்று இடைவெளி விட்டு எடுத்த தொடரில், உண்மையான எழுபத்தைந்து வயதுக்காரர்களை வைத்து, ஓட்டமும் விழுதலும் அடிதடியும் நிறைந்த காட்சிகளைப் படமாக்கியிருக்க முடியுமா என்று ஒருமுறையாவது யோசித்தீர்களா?

வடக்குத்தெரு:
‘ஆறும் ஒன்பதும்’ என்பது என்ன கணக்கு? இடைவெளி 2007இலிருந்து 2016 வரை, ஒன்பது ஆண்டு. ஆறு எங்கிருந்து வந்தது?

மேல்மாடி:
ஆறு என்பது அதற்கு முன்பு வந்த தொகுதிகள். வாக்கியத்தைக் குதறுவதற்கென்றே சிலர் வருகிறீர்கள்.

வடக்குத்தெரு:
நான் உங்கள் பக்கம்தான் பேசிக்கொண்டிருந்தேன். இனி பேசுவதாக இல்லை.

நாற்காலி:
2016க்குப் பிறகு வந்தவற்றைப் பற்றி இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கடைசிப்பேருந்து:
முப்பத்திரண்டு.

மேல்மாடி:
ஜேம்ஸ் மார்ட்டின் நிற்கும் காட்சியைப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு எண்களைப் பேசலாம். அதுவரை உங்களுக்கு நான் பதில் எழுதுவதாக இல்லை. நாற்காலி, 2016 பற்றித் தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து உங்களையும் கவனித்துக்கொள்கிறேன்.