கலியாண வீடியோ எடிட்டிங்: பாவித்த வேர்க்ஸ்டேஷனா, புது ஐ5 டெஸ்க்டொப்பா?

சுன்னாகம் ஸ்டூடியோ
வணக்கம். கலியாணம், சாமத்திய வீடு, இடையிடையே கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்து, பிரீமியர் புரோவில் வெட்டி ஒட்டுகிறேன். கமரா சோனி ஏ7 4. இப்போது இருப்பது நான்காம் தலைமுறை ஐ5. 4கே கிளிப்பை டைம்லைனில் போட்டால், தாலி கட்டுகிற இடத்தில் கெட்டிமேளம் கேட்கிறது, படம் அப்படியே நிற்கிறது.

இரண்டு விலை கேட்டு வைத்திருக்கிறேன். ஒன்று பாவித்த எச்பி இசட்440 வேர்க்ஸ்டேஷன்: சியோன் இ5-1650 வி4, 32 ஜிபி ராம், குவாட்ரோ கே2200 கிராஃபிக்ஸ் காட். ஒரு இலட்சத்து 15 ஆயிரம். மற்றது யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் புதிதாகப் பூட்டித் தருவது: ஐ5-12400, 16 ஜிபி, தனிக் காட் இல்லை. ஒரு இலட்சத்து 65 ஆயிரம்.

ராம் இரட்டிப்பு, காட்டும் இருக்கிறது, விலையும் 50 ஆயிரம் குறைவு. பிறகு என்ன யோசனை என்கிறார் விற்கிறவர். எனக்கும் அப்படித்தான் படுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

வயர்க்காரன்
கமராவில் எந்த ஃபோர்மட் போட்டிருக்கிறீர்கள்? அதைச் சொல்லாமல் விலை பேசிப் பிரயோசனம் இல்லை.

சுன்னாகம் ஸ்டூடியோ
எக்ஸ்ஏவிசி எச்எஸ், 4கே, நிற விவரம் கூடுதலாக வைக்கிற 10 பிட் 4:2:2. கூறைச் சேலைச் சிவப்பு கலர் கரெக்‌ஷனில் உடையாமல் வருகிறது, அதனால் மாற்ற மனமில்லை.

வயர்க்காரன்
அப்படியென்றால் வேர்க்ஸ்டேஷனை விடுங்கோ தம்பி. எச்எஸ் என்பது எச்.265, வீடியோவை இறுக்கிச் சுருக்கும் முறை. அதில் 10 பிட் 4:2:2 கோப்பை வன்பொருளிலேயே பிரித்துக் கொடுப்பது இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து சிபியூவுக்குள்ளேயே வருகிற உள் கிராஃபிக்ஸ். 12400 12ஆம் தலைமுறை, அதில் அது இருக்கிறது. என்விடியா காட்டுகளில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அது வந்தது. கே2200 2014ஆம் ஆண்டுக் காட், அதற்கு எச்.265ஏ தெரியாது. அந்தச் சியோனில் உள் கிராஃபிக்ஸ் கிடையாது. ஆகவே முழுப் பாரமும் சிபியூ தலையில். 32 ஜிபி ராம் இதில் ஒன்றும் செய்யாது.

கடைக்காரர் 12400எஃப் தருகிறேன், கொஞ்சம் மலிவு என்றால் வேண்டாம். எஃப் என்றால் உள் கிராஃபிக்ஸ் இல்லை, நீங்கள் காசு கொடுப்பதே அதற்குத்தான். பிறகு என்விடியா காட் போட்டாலும் பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்பில்) உள் கிராஃபிக்ஸை அணைக்காமல் விடுங்கோ.

கீறல்காரன்
எல்லாரும் சியோனை இப்படி மிதிக்கக் கூடாது. வீட்டுப் படம் கீறி, இரவு முழுக்க ரெண்டர் போடுகிறவன் நான். என் இசட்440 மூன்று வருஷமாக மூச்சு விடாமல் ஓடுகிறது. எட்டு ராம் குழி இருக்கிறது, பழைய சேர்வர் ராமை மலிவாக வாங்கி 64 ஜிபி ஆக்கினேன். இந்த விலையில் வேறு எதில் முடியும்?

வயர்க்காரன்
பெரிய 3டி கோப்புக்கு ராம் முக்கியம், அதை மறுக்கவில்லை அண்ணை. ஆனால் வேகம் என்று பார்த்தால் இரண்டிலும் 6 கோர், 12 திரெட். பாஸ்மார்க் என்ற வேகச் சோதனைப் புள்ளியில் 12400 ஏறக்குறைய 19 ஆயிரம், 1650 வி4 11 ஆயிரம் சொச்சம். ஒற்றைக் கோரில் ஒன்றரை மடங்கு வித்தியாசம். ஓட்டோகாட் மென்பொருளில் படம் கீறும்போது வேலை செய்வது பெரும்பாலும் ஒற்றைக் கோர்தான், உங்களுக்கே அது தெரியும்.

கீறல்காரன்
தெரியும். ராம் விலையைத்தான் சொன்னேன்.

நல்லூர் பக்கம்
இன்னொன்று. இசட்440இன் பவர் சப்ளை எச்பிக்கென்றே செய்தது, வயர் முனையும் வேறு. கரண்ட் போய் வருகிற நேரம் அது எரிந்தால் சாதாரண பவர் சப்ளை வாங்கிப் பூட்ட முடியாது. கொழும்பு பம்பலப்பிட்டிக்குச் சொல்லி விட்டு, பஸ்ஸில் வரும் வரை காத்திருக்க வேண்டும். முகூர்த்த மாதத்தில் அது தாங்குமா? விண்டோஸ் 11 ஆதரிக்கும் பட்டியலிலும் அந்தச் சியோன் இல்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது.

காசு இறுக்கம் என்றால் இப்போதைய கணினியிலேயே புரொக்ஸி, அதாவது கிளிப்புகளின் தரம் குறைந்த பிரதி, செய்து வெட்டுங்கோ. இரவில் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் ஆயத்தமாக இருக்கும்.

சுன்னாகம் ஸ்டூடியோ
புரொக்ஸி செய்து பார்த்தாயிற்று. ஒரு கலியாணம் என்றால் சரி, அடுத்தடுத்து மூன்று வந்தால் இரவு காணாது.

நேற்று கமராக் கிளிப்பை பென் டிரைவில் கொண்டுபோய் இரண்டிலும் ஓடவிட்டேன். இசட்440இல் முழுத் தரத்தில் படம் தாவித் தாவிப் போகிறது, கால் தரத்துக்கு இறக்கினாலும் ஒரு டிசோல்வ் (ஒரு காட்சி கரைந்து அடுத்தது வருவது) வந்தால் நிற்கிறது. 12400இல் ஒரு கிளிப் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு கமராவை மேலே கீழே போட்டபோது கொஞ்சம் தயங்கியது, பாதித் தரத்தில் சரி. எஃப் இல்லாததுதான் வேண்டும் என்று சொல்லி முற்பணம் கட்டியாயிற்று. 16 ஜிபி காணுமா?

வயர்க்காரன்
காணாது. 16ஐ ஒரே குச்சியாகப் போடச் சொல்லுங்கோ, அடுத்த கலியாணக் காசில் இன்னொன்று செருகலாம். இரண்டு 8 போட்டு, மதர்போர்டில் குழியும் இரண்டே என்றால் பிறகு இரண்டையும் கழற்ற வேண்டி வரும்.