புதுப்பிப்பு: அப்பா உயில் எழுதிவிட்டார்

கோத்தகிரியில் இருக்கும் அப்பா, ஒன்றரை ஏக்கர் தேயிலையையும் வீட்டையும் இப்போதே செட்டில்மெண்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றிவிடும் பத்திரம்) எழுதித் தரட்டுமா என்று கேட்டதைப் போன மாதம் எழுதியிருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உயில்தான். இருக்கும்வரை எல்லாம் அவர் பெயரிலேயே இருக்கும், மனம் மாறினால் மாற்றியும் எழுதலாம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் செய்தோம். இரண்டு சாட்சிகள் கட்டாயம். குளிரில் விரல் விறைத்துப்போய், ஸ்வெட்டர் கைக்குள் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் அப்பா கையெழுத்துப் போட்டார்.

அப்புறம், வங்கி டெபாசிட்டுக்குத் தம்பி நாமினி என்பதால் பணம் அவனுக்கே என்று நினைத்திருந்தோம். அப்படி இல்லை. நாமினி பணத்தை வாங்கலாம், உரிமை வாரிசுகளுக்குத்தான். அதனால் அதையும் உயிலில் சேர்த்தோம்.

செட்டில்மெண்ட்தான் என்று முடிவெடுப்பவர்கள், பெற்றோரைப் பராமரிக்கும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள், தயவுசெய்து. கவனிக்காமல் விட்டால், 2007 மூத்த குடிமக்கள் சட்டப்படி பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க அந்த வரி பெரிய துணை.